பென்ஷன் பணத்தில் வெளிநாட்டில் செட்டில் ஆக முடியுமா? எந்த நாடு விசா தருகிறது, எவ்வளவு காட்ட வேண்டும்?

“மாசம் 50 ஆயிரம் பென்ஷன் வந்தா போதும், தாய்லாந்துல ராஜா மாதிரி வாழலாம்.” யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் இப்படி ஒரு வீடியோ கண்ணில் படாத நாளே இல்லை. செலவைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டில் வாழ ஆகும் செலவு வேறு, விசா கொடுக்க அந்த நாடு கேட்கும் தொகை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் பலருக்கும் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஓய்வு பெற்ற ஒரு இந்தியர், இங்கிருந்து வரும் பென்ஷனை வைத்து எந்தெந்த நாட்டில் தங்க முடியும்? எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? இங்கே வரி, வங்கிக் கணக்கு, வாழ்நாள் சான்றிதழ் எல்லாம் என்ன ஆகும்? பார்க்கலாம்.

கணக்கு எளிதாகப் புரிய, ஒரு டாலர் 88 ரூபாய், யூரோ 102 ரூபாய், தாய்லாந்து பாட் 2.70 ரூபாய், மலேசிய ரிங்கிட் 21 ரூபாய், திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் மதிப்பைப் பொறுத்து ரூபாய்த் தொகை மாறும்.

ஓய்வூதிய விசா என்றால் என்ன?

“நான் உங்கள் நாட்டில் வேலை தேட மாட்டேன், உங்கள் அரசிடம் உதவித்தொகை கேட்க மாட்டேன், என் பணத்தைக் கொண்டுவந்து உங்கள் ஊரில் செலவு செய்வேன்.” இந்த உத்தரவாதத்துக்குப் பதிலாகத் தரப்படும் அனுமதிதான் ஓய்வூதிய விசா. அதனால்தான் ஏறக்குறைய எல்லா நாடும் மூன்று விஷயங்களைக் கேட்கின்றன: வயது, வருமானம் அல்லது டெபாசிட், மருத்துவக் காப்பீடு. இவற்றோடு குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றும் தேவை. அதை இந்தியாவில் பாஸ்போர்ட் சேவா மூலமே வாங்கிக்கொள்ளலாம்.

இது குடியுரிமை அல்ல. பெரும்பாலான நாடுகளில் நிரந்தரக் குடியிருப்பும் அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பித்தே ஆக வேண்டும். புதுப்பிக்கப் போகும்போது விதிகள் மாறியிருந்தால், அதற்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

தாய்லாந்து: 50 வயதும் 8 லட்சம் பாட்டும்

சென்னையிலிருந்து சில மணி நேர விமானப் பயணம், நம் ஊர் மாதிரியே வெயில், அரிசிச் சோறு. இந்தியர்கள் அதிகம் விசாரிக்கும் நாடு இதுதான். தாய்லாந்தில் ஓய்வூதிய விசாவுக்கு 50 வயது நிரம்பியிருக்க வேண்டும். பண விஷயத்தில் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வங்கியில் 8 லட்சம் பாட் டெபாசிட். நம் கணக்கில் 21.6 லட்சம் ரூபாய். இரண்டாவது, மாதம் 65 ஆயிரம் பாட் வருமானம். அதாவது சுமார் 1.75 லட்சம் ரூபாய். மூன்றாவது, இரண்டையும் கலந்து காட்டுவது. ஆண்டு வருமானமும் டெபாசிட்டும் சேர்ந்து 8 லட்சம் பாட் வந்தால் போதும்.

பென்ஷன்தாரர்கள் கவனிக்க வேண்டியது இந்த மூன்றாவது வழியைத்தான். உதாரணத்துக்கு, ஒருவருக்கு மாதம் 80 ஆயிரம் ரூபாய் பென்ஷன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9.6 லட்சம். தேவை 21.6 லட்சம். மீதி 12 லட்சம் ரூபாயை டெபாசிட்டாகக் காட்டினால் கணக்கு நேராகிவிடும். பணிக்கொடை வாங்கி ஓய்வு பெற்றவருக்கு இது எட்டாத தொகை இல்லை. ஆனால் வெறும் 80 ஆயிரம் பென்ஷனை மட்டும் காட்டினால் விசா கிடைக்காது. வீடியோக்களில் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

விசாவிலும் இரண்டு வகை உண்டு. ‘ஓ-ஏ’ விசாவுக்கு இந்தியாவில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம், ஓராண்டு கிடைக்கும். டெபாசிட்டை இங்குள்ள வங்கியிலேயே காட்டலாம் என்பது இதில் வசதி. ஆனால் 30 லட்சம் பாட் அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ‘ஓ’ விசாவில் முதலில் 90 நாட்கள் போய், அங்கேயே ஓராண்டு நீட்டிப்பு வாங்க வேண்டும். இதில் டெபாசிட் தாய்லாந்து வங்கியில், விண்ணப்பதாரரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். முதல் முறை நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பே பணம் கணக்கில் கிடக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகு மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது. அதன்பின் செலவுக்கு எடுக்கலாம், ஆனால் இருப்பு 4 லட்சம் பாட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பணம் உங்களுடையதுதான், ஆனால் பாதிக்கு மேல் எடுத்துச் செலவு செய்ய முடியாது.

‘ஓ-எக்ஸ்’ என்று 10 ஆண்டு விசா ஒன்றும் இருக்கிறது. அது ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன் போன்ற குறிப்பிட்ட சில நாட்டினருக்கு மட்டும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. எல்டிஆர் என்கிற இன்னொரு 10 ஆண்டு விசாவில் ‘வசதியான ஓய்வூதியர்’ என்ற பிரிவு இருக்கிறது. ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலர் வருமானம் வேண்டும், அதாவது மாதம் 5.8 லட்சம் ரூபாய்க்கு மேல். மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழுப்படி அதிகபட்ச அடிப்படை ஓய்வூதியமே 1.25 லட்சம் ரூபாய்தான். எனவே அரசுப் பென்ஷனை வைத்து இதை யோசிக்கவே வேண்டாம்.

போன பிறகும் வேலை இருக்கிறது. 90 நாட்களுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். பேரன் பிறந்தநாளுக்கு இந்தியா வருவதென்றால், கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். அதை மறந்துவிட்டு விமானம் ஏறினால் அத்தனை நாள் அலைந்து வாங்கிய நீட்டிப்பு அப்படியே காலாவதியாகிவிடும். நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி வீடு வாங்கலாம், ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் வெளிநாட்டினர் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

மலேசியா: பென்ஷனுக்கு இப்போது மதிப்பு குறைவு

கோயில், தமிழ்ப் பேச்சு, இட்லி-தோசை எல்லாம் இருப்பதால் மலேசியாதான் தமிழர்களுக்கு முதல் சாய்ஸாக இருக்க வேண்டும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2002இல் தொடங்கிய ‘மலேசியா மை செகண்ட் ஹோம்’ திட்டத்தில் நடுத்தர ஓய்வூதியர்களும் போக முடிந்தது. 2021இல் மாத வருமானம் 40 ஆயிரம் ரிங்கிட் வேண்டும் என்று விதியை உயர்த்தினார்கள். 2024இல் மறுபடி மாற்றினார்கள்.

இப்போது சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆகக் குறைந்த சில்வர் பிரிவுக்கே 1.5 லட்சம் டாலர் டெபாசிட், அதாவது 1.32 கோடி ரூபாய். கூடவே குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்க வேண்டும். அது இன்னொரு 1.26 கோடி. விசா கிடைப்பது 5 ஆண்டுக்கு. கோல்டுக்கு 5 லட்சம் டாலர், பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலர் டெபாசிட். பென்ஷன் எவ்வளவு வருகிறது என்பதைவிட, கையில் எவ்வளவு மொத்தமாக இருக்கிறது என்பதுதான் இப்போது கேள்வி.

ஜோகூரில் உள்ள ஃபாரஸ்ட் சிட்டி சிறப்பு மண்டலத்துக்கு மட்டும் சலுகை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 32 ஆயிரம் டாலர் டெபாசிட் போதும், சுமார் 28 லட்சம் ரூபாய். ஆனால் வீட்டை அந்த மண்டலத்துக்குள்ளேயே வாங்க வேண்டும். கடலை நிரப்பிக் கட்டிய அந்த நகரில் பல கட்டடங்கள் ஆளில்லாமல் கிடந்ததால்தான் இந்தச் சலுகையே வந்தது. மலிவாக இருக்கிறதே என்று பணம் கட்டும் முன், நேரில் போய் சில நாள் தங்கிப் பார்ப்பது நல்லது.

பிலிப்பைன்ஸ்

பென்ஷனைப் பென்ஷனாகவே மதிக்கும் நாடு என்றால் இதைச் சொல்லலாம். அந்நாட்டின் ஓய்வூதியர் ஆணையம் தரும் எஸ்ஆர்ஆர்வி விசாவில், பென்ஷன் வருபவர்களுக்கான டெபாசிட் மற்றவர்களைவிடக் குறைவு. தனி நபர் என்றால் மாதம் 800 டாலர், கணவன் மனைவி என்றால் 1,000 டாலர் பென்ஷன் காட்ட வேண்டும். ரூபாயில் 70,400, 88,000. டெபாசிட் தொகையை அண்மையில் மாற்றியிருப்பதால், பழைய வீடியோவில் சொல்லும் எண்ணை நம்பாமல் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

துபாய்

55 வயதுக்கு மேல் 5 ஆண்டு விசா உண்டு. மாதம் 15 ஆயிரம் திர்ஹாம் வருமானம், அல்லது 10 லட்சம் திர்ஹாம் சேமிப்பு, அல்லது அதே மதிப்புக்குச் சொத்து என்று ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். 15 ஆயிரம் திர்ஹாம் என்றால் மாதம் 3.6 லட்சம் ரூபாய். இந்தியப் பென்ஷனில் இது நடக்காது. அங்கேயே பல ஆண்டு வேலை பார்த்து, சொத்து வாங்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது சரிப்பட்டு வரும்.

போர்ச்சுகல், ஸ்பெயின்: ஐரோப்பாவில் இரண்டு வாசல்கள்

போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு அளவுகோல், அந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம். 2025இல் அது 870 யூரோ, 2026இல் 920 யூரோ. அதாவது சுமார் 94 ஆயிரம் ரூபாய். துணைவருக்கு இதில் பாதி கூடுதலாகக் காட்ட வேண்டும், ஆக இருவருக்கும் 1,380 யூரோ, சுமார் 1.41 லட்சம் ரூபாய். பென்ஷனோடு வீட்டு வாடகை, வட்டி போன்ற உழைக்காமல் வரும் வருமானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐரோப்பாவுக்கு இது குறைவுதான். ஆனால் இது விண்ணப்பத்துக்கான குறைந்தபட்சம் மட்டுமே. லிஸ்பனில் வீட்டு வாடகைக்கே இந்தத் தொகையில் பெரும்பகுதி போய்விடும். தங்குமிடத்துக்கான ஆதாரத்தை விசாவுக்கு முன்பே காட்ட வேண்டும் என்பது இன்னொரு சிக்கல்.

முதலில் 4 மாத விசா, அங்கே போனதும் 2 ஆண்டு குடியிருப்பு அட்டை, பிறகு 3 ஆண்டு என்று போகும். வெளிநாட்டிலிருந்து வரும் பென்ஷனுக்குக் குறைந்த வரி என்ற சலுகை ஒன்று முன்பு இருந்தது. 2024 முதல் புதியவர்களுக்கு அதை மூடிவிட்டார்கள். பழைய பதிவுகள் இன்னும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஸ்பெயின் கேட்பது அதிகம். ஒருவருக்கு மாதம் 2,400 யூரோ, சுமார் 2.45 லட்சம் ரூபாய். துணைவருக்கு 600 யூரோ கூடுதல். சொத்துச் சேமிப்பு இல்லாமல் பென்ஷனை மட்டும் வைத்து இதை எட்டுவது கஷ்டம். இரண்டு நாடுகளுக்குமே இந்திய ஆவணங்களில் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை தேவைப்படும்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன்?

பிள்ளைகள் இருக்கும் நாடுகள் என்பதால் அதிகம் பேர் கேட்பது இவற்றைத்தான். ஆனால் இந்த நான்கிலும் பென்ஷனைக் காட்டி விசா வாங்க முடியாது. அமெரிக்காவில் அப்படி ஒரு பிரிவே இல்லை. பிரிட்டன் 2008இலும், ஆஸ்திரேலியா 2018இலும் இருந்ததை மூடிவிட்டன.

இங்கெல்லாம் போக, பிள்ளைகள் வழிதான் ஒரே வழி. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிரம்பிய மகனோ மகளோ பெற்றோருக்கு கிரீன் கார்டு கோரலாம். கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு முறை போனால் 5 ஆண்டு வரை தங்கலாம். அதற்குப் பார்ப்பது பெற்றோரின் பென்ஷனை அல்ல, பிள்ளையின் வருமானத்தையும் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கான மருத்துவக் காப்பீட்டையும். ஆஸ்திரேலியாவில் பெற்றோர் விசாவுக்கு இரண்டு வரிசை. ஒன்றில் ஒருவருக்கு 40 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டணம். கட்டணம் குறைந்த இன்னொன்றில் காத்திருப்பு 30 ஆண்டு அளவுக்கு. 60 வயதில் விண்ணப்பிப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பணத்தை எப்படி அனுப்புவது?

இந்தியாவில் வசிக்கும் ஒருவர், ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். தாய்லாந்து டெபாசிட்டுக்கு அது தாராளம். ஆனால் டிசிஎஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு, வங்கி 20 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்ளும்.

21.6 லட்சம் ரூபாயை ஒரே தடவை அனுப்பினால், 11.6 லட்சத்துக்கு 20 சதவீதம், அதாவது 2.32 லட்சம் ரூபாய் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். இது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். மார்ச்சில் 10 லட்சம், ஏப்ரலில் மீதி என்று இரண்டு நிதியாண்டில் பிரித்து அனுப்பினால் பிடித்தம் 32 ஆயிரம் ரூபாயாகக் குறையும்.

நிரந்தரமாகக் கிளம்பிய பிறகு நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். பென்ஷன் வரும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். பலர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள், அது விதிமீறல். அந்தக் கணக்கிலிருந்து மாதப் பென்ஷனை, வரி கட்டியதற்கான படிவங்களைக் கொடுத்து வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வெளிநாடுவாழ் இந்தியர்கள் புதிதாகச் சேர முடியாது.

12 லட்சம் வரை வரி இல்லை. ஆனா...

இதுதான் பலருக்கும் தெரியாத இடம். புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்பது, தள்ளுபடி மூலம் கிடைக்கும் சலுகை. அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டால் கிடையாது.

அதே 80 ஆயிரம் ரூபாய் பென்ஷனை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9.6 லட்சம். சென்னையில் இருந்தால் வரி பூஜ்யம். பாங்காக்கில் குடியேறிவிட்டால், 75 ஆயிரம் நிலையான கழிவு போக 8.85 லட்சத்துக்கு வரி 28,500 ரூபாய், செஸ் சேர்த்து 29,640 ரூபாய். பென்ஷன் இந்தியாவில் இருந்து வருவதால் இங்கே வரி உண்டு.

போகும் நாட்டிலும் கேட்பார்கள். தாய்லாந்தில் ஓராண்டில் 180 நாட்கள் தங்கினால் வரி நோக்கில் அந்நாட்டுவாசி. 2024 முதல், ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அதை வரிக் கணக்கில் சேர்க்கிறார்கள். இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அரசுப் பென்ஷனுக்கு ஒரு விதி, தனியார் பென்ஷனுக்கு ஒரு விதி என்று வரும். கிளம்பும் முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது உத்தமம்.

நவம்பர் வந்தால்?

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பிறகு கொடுத்தால் நிலுவையோடு வரும் என்றாலும், விசா புதுப்பிக்கும் மாதத்தில் பென்ஷன் நின்றால் அங்கே வருமானக் கணக்கு இடிக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு ஆண்டு நேர்காணல் தனி. கருவூலத்தில் விசாரித்து, வெளிநாட்டிலிருந்து அனுப்பும் முறையை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவச் செலவு

விசாவைவிடப் பெரிய பிரச்சினை இது. மத்திய அரசின் சிஜிஹெச்எஸ் அட்டையோ, தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடோ வெளிநாட்டு மருத்துவமனையில் வழக்கமான சிகிச்சைக்கு உதவாது. இங்கே எடுத்த தனியார் பாலிசிகளும் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான். புதிதாக எடுக்கப் போனால், 60 வயதுக்கு மேல் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவருக்குப் பிரீமியம் எகிறும். அந்தக் கோளாறுக்கே காப்பீடு தர மாட்டோம் என்றும் சொல்வார்கள். 65 வயதில் கட்டக்கூடிய பிரீமியம் 75 வயதில் எவ்வளவாகும் என்று கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்தியப் பாலிசியையும் விடாமல் கட்டிவருவது நல்லது. திரும்பி வரும்போது புதிதாக எடுத்தால், காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

துணை தனியாகிவிட்டால்?

ஏஜென்ட்கள் பேசாத விஷயம். பென்ஷன் கணவர் பெயரில், விசா கணவர் பெயரில், மனைவி அவரைச் சார்ந்தவராகப் போயிருக்கிறார். கணவர் இறந்தால் என்ன ஆகும்?

மத்திய அரசு விதிப்படி ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம், குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். ஆரம்பத்தில் சில ஆண்டுகள் கூடுதல் விகிதம் உண்டு என்றாலும், அந்தக் காலம் முடிந்தால் 80 ஆயிரம் என்பது 48 ஆயிரமாகக் குறையும். தாய்லாந்தின் கலப்புக் கணக்கில் 9.6 லட்சமாக இருந்த ஆண்டு வருமானம் 5.76 லட்சமாகிவிடும். அப்போது 12 லட்சம் டெபாசிட் போதாது, ஏறக்குறைய 16 லட்சம் வேண்டும். தாய்லாந்தில் சார்ந்தவருக்கான விசா, முதன்மை விசாக்காரரோடு முடிந்துவிடும். மனைவிக்கு 50 வயது தாண்டியிருந்தால் சொந்தமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் பணம் அவர் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் உள்ள டெபாசிட்டை அங்குள்ள நீதிமன்ற நடைமுறை முடியாமல் எடுக்க முடியாது.

எனவே இருவரும் போவதாக இருந்தால், மனைவி பெயரிலும் தனி வங்கிக் கணக்கு, அந்த நாட்டுச் சட்டப்படி ஒரு உயில், இந்தியாவில் பென்ஷன் ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்ற சரிபார்ப்பு, இந்த மூன்றையும் டிக்கெட் போடும் முன்பே முடித்துவிட வேண்டும். பென்ஷன் ஆணையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும், வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைத் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.